ஏச்சு வாங்கிய காலம்

ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். அவளுடைய கணவனுக்கு இந்த நாட்டில் நிரந்தர வதிவிடம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் நான். அதை மறைத்துப் பழியை அந்த மனிதர் தலையில் போட்டேன். அவள் நம்பினாள். அறியாத வயதில் செய்த பிழை என்றும் சொல்ல முடியாது. கொழும்பில் உறுதிகளும் சத்தியக் கடதாசிகளும் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாக இருந்து ஓய்வுபெற்று, தலை முழுதும் நரைத்த பிறகு செய்தது. பொய்ச் சத்தியம் எவ்வளவு பாரதூரமானது என்று வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான்.

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுத அனுமதி கேட்டால் தருவாள். அதுவும் மிகவும் மரியாதையாகத் தருவாள். அதனால் கேட்கவில்லை.

பாபடோயிட்டோய் என்ற புறநகரில் செங்கல் யூனிட் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு ஒழுங்கையில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர். இடையில் ஒரு சுவர், அதுவும் மெல்லிய சுவர். என் மனைவி இறந்து சில மாதங்களில் அவள் அங்கே குடிவந்தாள். தமையன் குடும்பத்தோடு அகதியாக வந்தவள். தமையன் குடியுரிமை கிடைத்த கையோடு, எல்லாரையும்போல, கடல் கடந்து மெல்பேர்ன் போய்விட்டார். அவள் போகவில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் சலாட் பைகள் கட்டும் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் போய்ப் பின்னேரம் திரும்புவாள்.

குடிவந்த முதல் கிழமையே எனக்கு ஏச்சு விழுந்தது. மாரி மழை தூறிக்கொண்டிருந்தது. நான் சாரத்தோடும் பனியனோடும் குப்பைத் தொட்டியை ரோட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ளை உடம்பைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள். நிமோனியா வந்து விழுந்தா ஆர் பாக்கிறது? உங்கட மோன் லின்ஃபீல்டிலையிருந்து பறந்து வருவாரோ? விடுங்கோ உதை!"

தொட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அப்போது என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது; நகரத்தின் மறுபக்கத்தில் எனக்கு ஒரு மகன் இருப்பதை மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மனைவியின் செத்தவீட்டுக்குப் பிறகு எல்லாரும் என்னோடு குரலைத் தாழ்த்தியே கதைத்தார்கள். மகனும் அப்படித்தான்; பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'ஆர் யூ ஓகே' என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். அவள்தான் என் வீட்டுக்குள் முதன்முதலாகச் சத்தம் போட்டவள். ஒருநாள் மரக்கறிக் கறி கொண்டுவந்தவள், நான் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்ததைக் கண்டாள். என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்து, "அக்கா, நீங்கள் செய்தது சரியோ? இந்த மனிசனுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. பழக்கிப்போட்டெல்லோ போயிருக்கவேணும்?" என்றாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அதற்கும் ஏச்சு விழுந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து அழக்கூடாதாம்.

ஒழுங்கை முடிவில் கொய்யாபோலப் பச்சைப் பழம் காய்க்கும் ஒரு ஃபெய்ஜோவா மரம் நிற்கிறது. பழக்காலம் வந்தால் அதுவும் அவளுடைய ஏச்சுக்குத் தப்பாது. "விழுறதெண்டா ஒரு ஒழுங்கில்லையே? ஒரேயடியாக் கொட்டினா ஆர் தின்னுறது?" என்று ஏசிக்கொண்டே ஒரு பழமும் மிதிபடாமல் வாளியில் பொறுக்குவாள். முன்வீட்டு டொங்கா நாட்டுக்காரி, ஒரு சொல்லும் விளங்காமலே, படியில் இருந்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். வாளி கடைசியில் அந்த டொங்காக்காரியின் வாசலில்தான் இருக்கும்.

அவளுக்குக் கலியாணம் நடந்தது நாற்பது கடந்த பிறகு. தூரத்துச் சொந்தம் ஒன்று பேசிச் செய்தது. மாப்பிள்ளை சாவகச்சேரியில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். வேலையை விட்டுவிட்டுப் போய் அவரோடு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். பிறகு, இரண்டு பேரும் இங்கேயே வாழ்வது என்று முடிவெடுத்து, அவளுக்கு அதே தொழிற்சாலையில் திரும்பவும் இடம் கிடைத்ததும் தனியே வந்தாள். அன்றிலிருந்து இங்கே பின்னேரம், அங்கே காலை என்ற கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் நாள்தோறும் சண்டை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சமைப்பாள். நான் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஹெல்மெற் போட்டுக்கொண்டே கடைக்கு வந்தனீர்?"

"ஓம், போட்டனான்."

"பொய். தலைமயிர் நட்டுக்கொண்டு நிக்குது, வீடியோவிலை தெரியுது."

"அது காத்துக்கு."

"ஹெல்மெற்றுக்குள்ளை என்ன காத்து? கோதாரியிலை போறதெண்டா நான் லீவு எடுத்துக்கொண்டு வந்தாப்பிறகு போம். இப்ப போனீரெண்டா லீவு தராங்கள்."

"அப்ப, லீவு கிடைச்சாப் போகலாமோ?"

பிறகு அவள் சிரிப்பாள். அவர் சிரிப்பார். அடுத்த நிமிடம் சொதிக்கு வெந்தயம் எப்போது போடுவது என்று திரும்பத் தொடங்கும்.

ஒருநாள் சாமான் வாங்கிய பை ஒன்று நிறையக் கடதாசிகளோடு வந்தாள். கணவனை வதிவிடத்துக்குக் கூப்பிடப்போகிறாள். "அண்ணை, நீங்கள் படிச்ச ஆள். இதைப் பாத்து வடிவா எழுதித் தாங்கோ. பிழை விட்டீங்களெண்டா நான் சும்மா விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

எனக்குப் பெரிய சந்தோஷம். வேலையால் ஓய்ந்த நொத்தாரிசுக்கு இதைவிட என்ன வேண்டும்? கலியாணம் உண்மையானது, நிலையானது, இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று காட்டவேண்டும். படங்களை மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் நிற்கலாம்போல் இடைவெளி. ஒரு படத்தில் மட்டும் அவள் கையை நீட்டி எதையோ சொல்லி ஏசிக்கொண்டிருக்கிறாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குகிறார். அதை எடுத்து ஒதுக்கி வைத்தேன்.

பிறகு போனில் இருந்த மெசேஜ்களை வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு வேர்த்தது. சண்டை பிடிக்கும்போது முதலில் எழும்பி யன்னலைச் சாத்தும் சனம் நாங்கள். இதையெல்லாம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேசைக்கு எப்படி அனுப்புவது?

"இதுகளை அனுப்பேலாது, தங்கச்சி."

"ஏன்? நாங்கள் எழுதினதுதானே."

"வாசிச்சா, ரெண்டுபேரும் டிவோர்ஸுக்கு நிக்கினம் எண்டெல்லோ நினைப்பான்."

"அப்ப, அவனுக்கு இன்னும் கலியாணம் முடியேல்லைப் போல."

நான் சிரித்திருக்கவேண்டும். சிரித்து, அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டிருக்கவேண்டும். "எனக்குத் தெரியும், நீர் பேசாமல் இரும்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் அவளுடைய மெசேஜ்களை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'அன்புள்ள அத்தான், உங்களைப் பிரிந்திருப்பது எனக்குப் பெருந்துயராக இருக்கிறது' என்பது முதலாவது. உடனே பதில் வந்தது: 'ஆர் இது?' பின்னாலேயே போன் அடித்தது. அவளுடைய போனை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அவர் பதறிப்போனாராம். அவள் சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். நான் அவருக்கும் தனியாகப் போன் எடுத்து, எப்படிப் பதில் எழுதவேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. என் மனைவிக்கு நான் அப்படி ஒரு வரி எழுதியதில்லை.

பழைய மெசேஜ்கள் ஒன்றையும் அனுப்பவில்லை. நேர்காணல் ரெலிபோனில் நடக்கும், இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்பார்கள். சண்டை பிடிப்பதுண்டா என்று கேட்டால், 'இல்லை, எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறோம்' என்று சொல்லவேண்டும் என்றேன்.

"அது பொய்யெல்லோ அண்ணை?"

"பொய்யில்லை. சுருக்கம்."

மறுப்புக் கடிதம் வந்தது. அதிகாரி நிதானமாக, கோபமில்லாமல் எழுதியிருந்தார். அண்மைய மெசேஜ்கள் எல்லாம் ஒரே ஆள் எழுதியவைபோல் இருக்கின்றன. அதற்கு முந்தியவை தரப்படவில்லை. கருத்து வேறுபாடு பற்றிக் கேட்டபோது கணவனும் மனைவியும் ஒரே பதிலை ஒரே சொற்களில் சொன்னார்கள். இவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதை அறிய இந்த விண்ணப்பத்தில் எதுவும் இல்லை. நியாயமான கடிதம். இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவள் வேலையால் வந்தபடியே என் வாசலில் நின்றாள். தொழிற்சாலைத் தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாகக் கிடந்தது. "என்னவாம் அண்ணை?"

"மறுத்திட்டினம். இன்டர்வியூவிலை உம்மட ஆள் ஏறுக்குமாறாச் சொல்லிப்போட்டார் போல."

'போல' என்று சேர்த்தது என் தொழிற் பழக்கம்.

"அவரோ? என்ன சொன்னவராம்?"

"விபரமா எழுதேல்லை. அக்கறையில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார்."

அவள் கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனால் நான் வாசித்த ஒன்றைத் தானும் வாசித்துப் பார்க்கும் எண்ணம் அவளுக்கு வரவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் அவர் 'நான் அப்படிச் சொல்லேல்லையே' என்று திருப்பிக் கத்தியிருப்பார். எப்படியோ உண்மை வெளியில் வந்திருக்கும். விழவில்லை. "சாப்பிட்டீங்களோ? சரி. மறுத்திட்டினமாம். ஓம். பரவாயில்லை. வைக்கிறன்." அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். சமைக்கும்போது போன் ஸ்பீக்கரில் இல்லை. கரண்டி சட்டியில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இரவல் வந்த அந்தச் சத்தத்தோடுதான் நான் இவ்வளவு காலம் பின்னேரங்களைக் கழித்திருக்கிறேன் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

சில கிழமைகள் போக, அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, அவ என்னோடை மரியாதையாக் கதைக்கிறா."

"நல்லதுதானே."

"இல்லை ஐயா, பயமாக் கிடக்கு. நேற்று வேணுமெண்டே ஹெல்மெற் இல்லாமல் சைக்கிளிலை இருந்துகொண்டு வீடியோ எடுத்தனான். பாத்திட்டு, 'கவனமா ஓடுங்கோ' எண்டா. வேறை ஒண்டும் இல்லை." மோட்டார்சைக்கிளைத்தான் அவர் சைக்கிள் என்பார். "நான் என்ன பிழை விட்டன் எண்டு தெரியேல்லை. நீங்கள் சொல்லித்தந்ததைத்தானே அப்பிடியே சொன்னனான்?"

"பாப்பம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சொல்லவேண்டும் என்று நாள்தோறும் நினைத்தேன். நாள்தோறும் ஒரு காரணம் கிடைத்தது. அவளாகக் கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள், திரும்பவும் விண்ணப்பம் போடும்போது நான் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றெல்லாம்.

பிறகு ஒருநாள் உடுப்புக் கொடியில் இருந்து துணிகளை எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "திரும்ப ஒண்டும் போடவேண்டாம் அண்ணை. அக்கறையில்லாத மனிசனை இழுத்துக்கொண்டு வந்து என்ன செய்யிறது? அவருக்கு அங்கை கடை கிடக்கு. எனக்கு இஞ்சை வேலை கிடக்கு. இருந்திட்டுப் போகட்டும்."

ஏச்சே இல்லாத குரல். அந்தக் குரலில் ஒரு கலியாணம் முடிந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரமே அவளுடைய கதவைத் தட்டினேன். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கேட்டு வாங்கி, முதல் வரியில் இருந்து கடைசி வரை தமிழில் சொன்னேன், இந்த முறை ஒன்றையும் விடாமல். "அவரிலை ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. எல்லாம் நான் செய்தது. உம்மட்டைச் சொல்ல வெட்கமா இருந்தது. அவரைச் சாட்டினன்."

கத்தி நின்றது. நான் காத்துக்கொண்டு நின்றேன். அறளை பேந்த கிழவன், நன்றி கெட்ட சென்மம், இன்னும் என்னென்ன சொல்வாளோ, அத்தனையையும் வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். வாங்கினால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுக்கலாம் என்றும் ஒரு ஆசை இருந்தது.

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, ஐயா?" என்று கேட்டாள்.

நான் வீட்டுக்கு வந்து சுவரோடு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு அழுகையும் ஏச்சும் ஒன்றாக வெடித்தன. "அப்ப நீர் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீர்? நான் இவ்வளவு நாளும் பிழையாக் கதைக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உமக்கு வாயில்லையே? உம்மை என்ன மரத்திலையே செய்தது?" போனில் அவர் சொன்னது கேட்கவில்லை. அவர் சிரித்தது கேட்டது.

எனக்குத் தெரிந்த வேலையால்தான் நான் பரிகாரம் செய்யலாம். இரண்டாவது விண்ணப்பத்துக்கு அவர்களுடைய பழைய மெசேஜ்கள் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் மறுக்கவில்லை. போனை என் மேசையில் வைத்துவிட்டு, "தேவையானதை எடுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொள்ளைநோயில் சாவீர் என்ற பொருளில் வரும் 'கோதாரியிலை போவீர்' என்பதை ஆங்கிலத்தில் உள்ளபடி எழுதினால் கொலை மிரட்டல்போல் வந்தது. அதனால் ஒவ்வொரு ஏச்சுக்கும் கீழே அது விழுந்த சந்தர்ப்பத்தையும் எழுதினேன். காய்ச்சலோடு கடை திறந்தது. மழைக்குள் கரண்ட் வயரைத் தொட்டது. காலைச் சாப்பாட்டை விட்டது. எழுதிக்கொண்டு போகப் போக ஒன்று கண்ணில் பட்டது. தனக்கு ஏதும் தரவில்லை, செய்யவில்லை என்று அவள் ஏசிய ஒரு ஏச்சும் அதற்குள் இல்லை. முறையான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைச் சரிபார்த்து ஒப்பமிடவேண்டும். அவர் திருப்பித் தரும்போது சில தாள்களில் தேத்தண்ணிக் கறை இருந்தது. சிரித்ததில் சிந்திவிட்டது, மன்னிக்கவேண்டும் என்றார்.

நான் ஒதுக்கிய அந்தப் படத்தையும் சேர்த்தேன். கூடவே ஒரு சத்தியக் கடதாசி: முந்திய விண்ணப்பத்தில் இருந்த மெசேஜ்களைச் சொல்லிக்கொடுத்தவன் நான், நேர்காணல் பதிலைச் சொல்லிக்கொடுத்தவனும் நான், அவர்கள் இரண்டு பேரும் ஒரு படித்தவனை நம்பியதைத் தவிர வேறு பிழை செய்யவில்லை. நூலகத்தில் இருந்து இப்படியான கடதாசிகளை அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவானான வெள்ளைக்கார அம்மையார் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, இதில் கையெழுத்திடத்தான் வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனையோ பேரை என் முன்னால் நிறுத்திக் கையெழுத்து வாங்கியவன், அன்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து போட்டேன்.

நேர்காணல் அவளுடைய வீட்டில் இருந்தே நடந்தது. கடைசியாக எப்போது சண்டை பிடித்தீர்கள் என்று கேட்டார்கள் என்பது அவளுடைய பதிலில் இருந்து எனக்கு விளங்கியது. "இண்டைக்குப் பிடிச்சதைக் கேக்கினமோ, முந்தநாள் பிடிச்சதைக் கேக்கினமோ?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் திருப்பிக் கேட்டாள். பிறகு முந்தநாள் சண்டையை நெடுநேரம் சொன்னாள்.

விசா கிடைத்தது. மகனுடைய காரில் விமான நிலையத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். "வேண்டாம் ஐயா, உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றாள். அவர்கள் டக்ஸியில் வந்து இறங்கியது சத்தத்திலேயே தெரிந்தது. "சூட்கேசுக்குள்ளை தண்ணி மோட்டர் வைச்சுக்கொண்டு வந்த மனிசனை நான் இந்த உலகத்திலை காணேல்லை! கஸ்டம்ஸிலை பிடிக்கேல்லையே உம்மை?"

"பிடிச்சவங்கள். ஒருத்தன் தன்ர வீட்டு மோட்டருக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டவன்."

முன்வீட்டு டொங்கா நாட்டுக்காரி கைதட்டிச் சிரித்தாள். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

அவர் என்னில் மனத்தாங்கல் வைக்கவில்லை. வந்த சில நாளில் என் குசினிக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுக் குழாய் திருகும் சாவியோடு வந்தார். காலை மடக்கிக்கொண்டு கீழே குந்தியிருந்தபடி, "அவ இப்ப உங்களை ஏசுறேல்லையோ, ஐயா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செத்தவீட்டுச் செய்தி கேட்ட ஆளின் முகம். குனிந்து குழாயை இறுக்கினார்.

பிறகு அவர்கள் ஹமில்டனுக்குப் போனார்கள். அவருக்கு அங்கே பண்ணைகளில் பம்ப் திருத்தும் வேலை. அவள் என்னை மறக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போன் எடுப்பாள். போன மாரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டேன். தீபாவளிக்கு அவள் எடுத்தபோது அதைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். மகன் வாங்கித் தந்த ரப்பர் விரிப்பை நான் விரிக்கவே இல்லை, மூலையில் சுருட்டி வைத்திருந்தேன், ஈரக்காலோடு நடந்தேன், விழுந்த பிறகும் ஒருவருக்கும் சொல்லாமல் கிடந்தேன் என்று. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"அப்பிடியோ, ஐயா. கவனமா இருங்கோ" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. போனை அவள் தள்ளிப் பிடித்திருக்கவேண்டும், ஆனாலும் தெளிவாகக் கேட்டது. "கண் பிடரியிலையே கிடக்கு உமக்கு? வெறுங்காலோடை உதிலை நிக்காதையும்! விலகும், நான் கூட்டுறன், விலகும் எண்டுறன்!"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

"வேறை என்ன, ஐயா? மகன் வந்து பாக்கிறவரோ?"

"ஓம்" என்றேன்.